நாடாவில் நின்ற ஊர் – 9: நாலு பின் ஒயர்

சென்ற வாரம் பார்த்த வி.எச்.எஸ். கேசட்டில் இருப்பது அலையாகப் பதிந்த படம். இந்த வாரம் எடுத்துக்கொள்ளும் மினி டிவி (Mini DV) கேசட்டும் நாடாதான், காந்தப் பூச்சுதான். ஆனால் அதில் பதிந்திருப்பவை எண்கள். இன்று செல்போன் வீடியோவை ஒன்றும் பூஜ்யமுமாகச் சேமிப்பதுபோல, 1995-லிருந்தே இந்தச் சின்னக் கேசட்டிலும் சேமித்தார்கள். அதனால் இதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும்போது மறுபடி படம் பிடிக்க வேண்டியதில்லை. எண்களை அப்படியே நகல் எடுத்தால் போதும், ஒரு புள்ளிகூடக் குறையாது. அதற்குச் சரியான ஒயர் வேண்டும். அந்த ஒயரைச் சொருக கம்ப்யூட்டரில் சரியான போர்ட்டும் வேண்டும். இன்று கடைக்குப் போய் எந்த லேப்டாப்பை வாங்கினாலும் அந்த போர்ட் இருக்காது.

சேலம் சூரமங்கலத்தில் இந்தப் பிரச்சினையோடு வந்தவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். கேமரா அவரிடமே இருக்கிறது. கேசட்டுகளைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு, ஈரம் படாமல் பீரோவில் வைத்திருக்கிறார். மகள் கல்யாணம், பேரன் காதுகுத்து, விருத்தாசலம் பாதை அகலப்பாதையாக மாறுவதற்கு முன்பு ஓடிய மீட்டர் கேஜ் ரயில் எல்லாம் அதில் இருக்கின்றன. “ஏனுங்க தம்பி, கேமராவுல போட்டா சுத்தமா ஓடுதுங்க. பையன் லேப்டாப்புல சொருகுனா நாலு போட்டோ மட்டுந்தான் வருதுங்க. வீடியோ எங்க போச்சுனு தெரியலீங்க” என்றார்.

வீடியோ எங்கும் போகவில்லை. அந்தக் காலத்து ஹேண்டிகேம்கள் பலவற்றில் யு.எஸ்.பி. போர்ட் உண்டு. ஆனால் அதைப் பெரும்பாலும் மெமரி கார்டில் எடுத்த போட்டோக்களுக்காகத்தான் வைத்தார்கள். சில மாடல்களில் அந்த வழியாக வீடியோவும் வரும், ஆனால் சிறிய, மங்கிய படமாக. கேசட்டில் உள்ள முழுப் படமும் வெளியே வருவதற்கு வேறொரு போர்ட் இருக்கிறது. ரப்பர் மூடியைத் திறந்தால் உள்ளே ‘டிவி’ என்றோ, சோனி கேமரா என்றால் ‘ஐ.லிங்க்’ என்றோ எழுதியிருக்கும். யு.எஸ்.பி.யைவிடச் சின்னது, நாலு பின் கொண்டது. இதன் பொதுப்பெயர் ஃபயர்வயர்.

இப்படி ஒரு தனி ஒயர் ஏன் தேவைப்பட்டது? மினி டிவியில் ஒலி, ஒளி எல்லாம் சேர்ந்து நொடிக்கு ஏறக்குறைய 3.6 மெகாபைட் வெளியே வருகிறது. ஒரு மணி நேரக் கேசட்டுக்குச் சுமார் 13 ஜிகாபைட். 1990-களின் கடைசியில் வந்த முதல் யு.எஸ்.பி.யின் வேகம் நொடிக்கு 12 மெகாபிட்தான். மினி டிவிக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வேண்டும். ஃபயர்வயரோ 400 மெகாபிட் வேகம் கொண்டது. அதைவிட முக்கியம், வீடியோவுக்கென்று நேரத்தை ஒதுக்கித் தடையில்லாமல் அனுப்புவது. நாடா ஓடிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் நடுவில் வேறு வேலைக்குப் போய்விட்டால் அந்த நொடியின் படம் நழுவிவிடும், ‘இன்னொரு தடவை அனுப்பு’ என்று நாடாவிடம் கேட்க வழியில்லை.

ஆப்பிள் நிறுவனம் முன்னின்று, சோனி உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய இந்த இணைப்பு 1995-ல் தரநிலையாக வந்தது. அதே ஆண்டு சோனி விஎக்ஸ்1000 கேமராவில் இதைப் பொருத்தியது. 1999 வாக்கில், பயன்படுத்தும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு டாலர் உரிமைத்தொகை வேண்டும் என்று ஆப்பிள் கேட்டது. கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்கள் முகம் சுளித்தார்கள். தொகை பிறகு கம்ப்யூட்டருக்கு 25 சென்ட்டாகக் குறைந்தது, ஆனால் அதற்குள் இன்டெல் யு.எஸ்.பி. 2.0-வின் பக்கம் நின்றுவிட்டது. சூரமங்கலத்துப் பீரோவில் இருக்கும் காதுகுத்து கேசட் இன்று கம்ப்யூட்டரில் ஏறாமல் நிற்பதில் அந்த ஒரு டாலருக்கும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். 2008-ல் ஆப்பிள்காரர்களே மேக்புக்கிலிருந்து ஃபயர்வயரை எடுத்தார்கள். 2012-ல் தண்டர்போல்ட் வழியாக இணைக்க ஒரு அடாப்டர் கொடுத்தார்கள். 2025-ல் வந்த மேக் ஓஎஸ் டாஹோவில் ஃபயர்வயர் ஆதரவே போய்விட்டது.

பெரியவரின் பையன் ஏற்கெனவே ஒரு ஒயரை ஆன்லைனில் வாங்கியிருந்தார். ஒரு முனையில் யு.எஸ்.பி., மறுமுனையில் நாலு பின். வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இதுதான். முனைகள் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும், படம் மட்டும் வராது. யு.எஸ்.பி.யில் கம்ப்யூட்டர் கேட்டால்தான் கருவி பேசும். ஃபயர்வயரில் இரு பக்கமும் சமமாகப் பேசிக்கொள்ளும். இந்த இரண்டு முறைகளையும் வெறும் செப்புக் கம்பியால் இணைக்க முடியாது, நடுவில் அதற்கென ஒரு சிப் வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த ஒயரை வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

வேறு என்ன செய்யலாம்? பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடுங்கள். புதிய லேப்டாப்பைவிட அதுதான் இந்த வேலைக்கு ஏற்றது. அதில் ஃபயர்வயர் கார்டு ஒன்றைப் பொருத்தினால் போதும். மதர்போர்டு பழையது என்றால் பிசிஐ கார்டு, கொஞ்சம் புதியது என்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள கார்டு கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ஐந்து ரோட்டிலும் புது பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும் உள்ள கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் கழற்றிப்போட்ட பொருள்களில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஜங்ஷனில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை, அங்கே ரிச்சி தெரு இருக்கிறது. 2012 வரை வந்த மேக் மினியோ மேக்புக் ப்ரோவோ யாரிடமாவது தூங்கிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. அவற்றில் பெரும்பாலும் ஃபயர்வயர் போர்ட் உள்ளேயே இருக்கும், 9 பின்னிலிருந்து 4 பின்னுக்கு ஒரு ஒயர் மட்டும் வாங்கினால் போதும்.

ஒயர் சொருகும்போது கேமரா, கம்ப்யூட்டர் இரண்டையும் அணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் பக்கத்து 6 பின் போர்ட்டில் மின்சாரமும் வரும். முனையைத் தலைகீழாக அழுத்திவிட்டால் கேமராவின் டிவி போர்ட் எரிந்துபோகும், பிறகு அந்தக் கேமராவை வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது. கேமராவை ‘பிளே’ அல்லது ‘விசிஆர்’ நிலையில் வையுங்கள். விண்டோஸில் ‘வின்டிவி’, லினக்ஸில் ‘டிவிகிராப்’ என்ற இலவச மென்பொருள்கள் இந்த ஒரு வேலைக்காகவே எழுதப்பட்டவை. ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. ஏற்றும்போது கம்ப்யூட்டரில் வேறெதையும் திறக்காதீர்கள்.

கேசட்டைப் போட்டதும் பிளே பட்டனை அழுத்திவிடக் கூடாது. வருடக்கணக்கில் சும்மா கிடந்த நாடாவை முதலில் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்ற வேண்டும், இறுக்கம் சீராகும். கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரிகிறதா? அது பூஞ்சை. அந்தக் கேசட்டை ஓட்டினால் கேமராவின் ஹெட் அடைத்து, அடுத்து போடும் நல்ல கேசட்டும் கெடும். மினி டிவி நாடா 6.35 மில்லிமீட்டர் அகலம். அதில் குறுக்காக எழுதப்படும் ஒவ்வொரு தடமும் 10 மைக்ரான், தலைமுடியின் கனத்தில் பல பங்கில் ஒன்று. நம் ஊர் பிஏஎல் முறையில் ஒரு ஃபிரேமுக்கு 12 தடம், நொடிக்கு 300. நிமிடத்துக்கு 9000 சுற்று சுற்றும் டிரம் அவற்றைப் படிக்கிறது. இந்தத் துல்லியத்தில் தூசு எதைக் கெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்பி முறையில் 90 நிமிடம் இழுத்துப் பதிந்த கேசட் என்றால் தடம் இன்னும் ஒடுங்கிவிடும், பல நேரம் பதிந்த அதே கேமராவில்தான் சரியாக ஓடும். ஆகவே ரிப்பேர் என்று பழைய கேமராவை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஸ்டுடியோக்காரர் சோனி பிடி170-ல் டிவிகேம் முறையில் எடுத்திருந்தால் வீட்டு ஹேண்டிகேமில் ஓடாமல் போகலாம். கனடாவிலிருக்கும் யாழ்ப்பாணத்து உறவினருக்குக் கேசட்டை அனுப்பினாலும் இதே சங்கடம் வரும். அங்கே என்டிஎஸ்சி முறை, அந்தக் கேமராக்கள் பெரும்பாலும் நம் பிஏஎல் கேசட்டை ஓட்டாது. இங்கேயே ஏற்றி ஃபைலாக அனுப்புங்கள்.

“சிடி இருக்குதுங்களே, அப்புறம் கேசட் எதுக்குங்க?” என்று பெரியவரின் வீட்டம்மா கேட்டார். நியாயமான கேள்வி. எல்லா வீட்டிலும் இதே கேள்வி வரும், இதற்குப் பதில் தெரியாததால்தான் கேசட்டுகள் குப்பைக்குப் போகின்றன. ஸ்டுடியோக்காரர் போட்டுக்கொடுத்த வீடியோ சிடியில் ஒரு ஃபிரேம் 352-க்கு 288 புள்ளி. கேசட்டில் 720-க்கு 576. சிடியில் இருப்பது ஏறக்குறைய கால் பங்குப் படம்தான். அதோடு மிக்ஸிங் செய்தபோது மாலை மாற்றும் இடத்தில் இதயமும் பூவும் பறக்கவிட்டு, மேலே சினிமாப் பாட்டைப் போட்டிருப்பார்கள். அடியில் இருந்த நிஜ ஒலி போய்விட்டது.

எனக்குப் பெரிய வருத்தம் அந்த ஒலிதான். சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்யாணங்களில் அருமைக்காரர் நின்று சீர் செய்வார். இணைச்சீர் சடங்கின்போது பெண்டுகள் பேசும் கேலி இருக்கும். மங்கள வாழ்த்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு போகும் ஒருவர் இருப்பார், அடிக்கடி மேளம் நிறுத்திக் கொட்டும். இந்த வாழ்த்தை முழுதும் சொல்லத் தெரிந்த பழைய ஆட்கள் இன்று அருகிவிட்டார்கள். அவர்களில் பலரின் குரலை எந்த ஆய்வாளரும் வந்து பதிவு செய்யவில்லை. சம்பளத்துக்கு வந்த வீடியோக்காரர் கேமராவை நிறுத்தாமல் ஓடவிட்டதால்தான் அது நாடாவில் இருக்கிறது. சிடியில் அந்த இடத்தில் சினிமாப் பாட்டு. மூலக் கேசட்டில்தான் குரல்.

கேசட்டில் இன்னொன்றும் இருக்கிறது: ஒவ்வொரு ஃபிரேமுடனும் அது எடுக்கப்பட்ட தேதி, மணி, நிமிடம் பதிந்திருக்கும். ஃபயர்வயர் வழியாக ஏற்றினால் அந்தத் தகவலும் படத்தோடு வரும், மென்பொருள் அதைப் பார்த்துக் காட்சிகளைத் தானே பிரித்துவிடும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரை யு.எஸ்.பி. கேப்சர் கருவியில் செருகி ஏற்றினால் படம் வரும், ஆனால் ஒருமுறை அனலாக்காக மாறித் திரும்புவதால் கூர்மை குறையும், தேதித் தகவலும் வராது. டிவி போர்ட் எரிந்துபோன கேமராவுக்கு அந்த வழிதான். போர்ட் நன்றாக இருக்கும்போது சௌகரியத்துக்காக அதைச் செய்யக் கூடாது. கடையில் கொடுத்து ஏற்றுபவர்களும் ‘எந்த ஒயரில் ஏற்றுகிறீர்கள்?’ என்று முதலில் கேளுங்கள்.

ஏற்றிய ஃபைலை அப்படியே டிவி ஃபைலாக இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி4 நகல் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சேலத்தில்தான் டி.ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவைக் கட்டினார். முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ 1938-ல் அங்கிருந்துதான் வந்தது. இன்று பார்க்க அதன் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. இவ்வளவு பெரிய நிறுவனம் எடுத்த படத்துக்கே இந்த நிலை. வீட்டு கேசட்டுக்கு நம்மை விட்டால் யாரும் இல்லை. 2025-ஐ ஒட்டிக் காந்த நாடாக்களை ஓட்டிப் பார்ப்பதே அரிதாகிவிடும் என்று யுனெஸ்கோவும் உலக ஒலி-ஒளி ஆவணக்காப்பாளர் சங்கமும் 2019-ல் தொடங்கிய முயற்சியில் எச்சரித்தன. அந்த வருடம் வந்தே விட்டது. நாடா கெட்டுப்போவதைவிட, ஓட்டும் கருவியும் உதிரிப் பாகமும் பழுது பார்க்கத் தெரிந்தவரும் இல்லாமல் போவதுதான் முதலில் நடக்கும் என்பது அவர்கள் கணிப்பு. ஊரில் நான் பார்ப்பதும் அதுவே.

பெரியவரின் கேசட்டுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. பக்கத்து ஸ்டுடியோ மூடியபோது அங்கிருந்த பழைய கம்ப்யூட்டர் கிடைத்தது, உள்ளே ஃபயர்வயர் கார்டு பொருத்தியபடியே இருந்தது. உங்கள் ஊரிலும் மூடிய ஸ்டுடியோக்காரர் ஒருவர் இருப்பார். அவரிடம் கம்ப்யூட்டரைக் கேளுங்கள், கூடவே வாடிக்கையாளர் வாங்கிப்போகாத கேசட்டுகள் பரணில் கிடக்கின்றனவா என்றும் கேளுங்கள்.

அடுத்த வாரம் ஹை8 கேசட். அதை ஓட்டி, ஃபயர்வயரிலேயே வெளியே அனுப்பும் டிஜிட்டல்8 கேமராக்கள் சில உண்டு. அவற்றை எப்படி அடையாளம் காண்பது என்று பார்ப்போம்.