திருடலைன்னா போதுமா?

பெரிய காஞ்சிபுரத்துல இருந்து பேசுறேன். ஒரு சின்ன அறிவியல் சங்கத்துக்கு நான் பொருளாளர். பொறுப்பு கைக்கு வந்தப்போ கிடைச்சது ஒரு பாஸ்புக், ஒரு பை நிறைய பில். உறுப்பினர்கள் கட்டின ஆயுள் சந்தா முழுக்க ஒரு மாநாட்டுச் செலவுல கரைஞ்சிருந்தது. யாரும் திருடல. ஆனா யாரும் கணக்கும் காட்டல.

ஆயுள் சந்தா வரவு மாதிரி தெரியும். உண்மையில அது கடன். கட்டினவருக்குக் கடைசி வரைக்கும் இதழ் அனுப்பணும். அதனால அந்தப் பணத்தை வைப்புநிதியில போட்டு, வட்டியை மட்டும்தான் செலவு செய்யணும்.

நம்ம மாவட்டத்துலயே இருக்கு உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையில தேர்வான வாரியத்துக்குப் பதவிக்காலம் 360 நாள். வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது; அவரோட நெருங்கிய உறவினரும் வர முடியாது. பிறர் பொருளைத் திருடினவருக்குத் தனியா ஒரு தடை இருக்கு. அதாவது, திருடாம இருந்தாலும் கணக்குக் காட்டாதது குற்றம்தான்.

இன்னைக்குத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இருக்கு. வருஷக் கணக்கைப் பதிவாளர்கிட்ட தாக்கல் செய்யணும்.

நான் பில்லைத் தேதிவாரியா அடுக்கினேன். இல்லாததுக்கு 'ரசீது இல்லை'ன்னு எழுதி, பொதுக்குழுவுல அப்படியே வாசிச்சேன். "எங்களைச் சந்தேகப்படுறியா?"ன்னு மூத்தவர் ஒருத்தர் எழுந்தார். "இல்லைங்க சார், அடுத்த வருஷம் என் கணக்கையும் இப்படித்தான் வாசிக்கணும்"னு சொன்னேன்.