மருதையாற்று விபத்தும் மந்திரியின் பொறுப்பும்

1956 நவம்பர் 23ஆம் தேதி விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரயில் அரியலூரைத் தாண்டியதும் மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. அடைமழையில் ஆறு கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். மேடைகளிலும் வகுப்பறைகளிலும் இது ஒரு நல்ல மனிதரின் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. அவர் நல்ல மனிதர் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த விலகலை அவருடைய தனிக்குணமாக மட்டும் கொண்டாடினால், பின்னால் வரும் அமைச்சர்களிடம் அதே நடத்தையைக் கேட்கும் உரிமையை நாமே விட்டுக்கொடுத்துவிடுகிறோம். மகானாக இரு என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. வகிக்கும் பதவிக்குரிய கடமையைச் செய் என்று எவரிடமும் கேட்கலாம்.

அன்று நடந்ததை வரிசையாகப் பார்த்தாலே இது விளங்கும். அரியலூர் விபத்துக்கு மூன்று மாதத்துக்கும் குறைவான காலம் முன்பு, செப்டம்பர் தொடக்கத்தில், அன்றைய ஹைதராபாத் மாநிலத்தின் மகபூப்நகர் அருகே வெள்ளத்தில் ஒரு ரயில் பாலம் இடிந்து நூறு பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அப்போதே சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. மழை, வெள்ளம், பாலம் என்று அதே காரணங்கள் மறுபடியும் உயிர்களைக் காவு வாங்கியபோது அவர் மீண்டும் கொடுத்தார், இம்முறை ஏற்கப்பட்டது. விபத்துக்கு சாஸ்திரி எந்த விதத்திலும் காரணம் இல்லை, அரசியல் சட்ட மரபுக்கு இது ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதற்காகவே ஏற்கிறேன் என்ற பொருளில் நேரு நாடாளுமன்றத்தில் விளக்கினார். அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புள்ளது என்று அரசியல் சட்டத்தின் 75ஆவது பிரிவு சொல்கிறது. தன் துறையில் நேர்ந்ததற்கு அமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்ற மரபும் நாடாளுமன்ற ஆட்சி முறையோடு வந்ததுதான்.

அமைச்சர் விலகினால் பாலம் பலப்பட்டுவிடுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எந்த அமைச்சரும் தண்டவாளத்தைத் தட்டிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் எந்தப் பாலத்துக்கு முதலில் பணம் ஒதுக்குவது, காலிப் பணியிடங்களை எப்போது நிரப்புவது என்ற முடிவுகள் தண்டவாளத்தில் நடக்கும் ஊழியர் எடுப்பவை அல்ல, மேலே எடுக்கப்படுபவை. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே ரயில் விபத்தில் 290 பேருக்கு மேல் இறந்தபோது, சிக்னல் பணியில் நேர்ந்த குளறுபடியே காரணம் என்றது விசாரணை. ரயில்வே ஊழியர்கள் மூவரை சி.பி.ஐ. கைது செய்தது, அமைச்சர் பதவியில் நீடித்தார். தவறு செய்த ஊழியர் தண்டனை பெறட்டும். ஆனால் பொறுப்பு கீழ்ப்படியிலேயே நின்றுவிட்டால், மேலே எடுத்த முடிவுகளைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

சாஸ்திரி சில மாதங்களிலேயே, 1957 தேர்தலுக்குப் பிறகு, வேறு துறை அமைச்சராகத் திரும்பிவிட்டாரே, பிறகு என்ன தியாகம் என்று கேட்பவர்களும் உண்டு. பதவி விலகுவதைத் தண்டனையாக நினைப்பதால் வரும் கேள்வி இது. அது ஒரு பதில். பதிலைச் சொன்னவர் மக்களைச் சந்தித்து மறுபடி பொறுப்பேற்பதில் குற்றமில்லை. 1957இல் முதன்முதலாகத் தேர்தலில் இறங்கிய தி.மு.க., ரயில்வே துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனின் பெயரை அரியலூரோடு மோனையாகச் சேர்த்து முழக்கமாக்கியது. டெல்லியில் ஒருவர் விலகியதோடு விஷயம் முடிந்துவிட்டதாகத் தமிழ்நாட்டு வாக்காளர்கள் எண்ணவில்லை.

கூட்டாட்சியில் இதைவிடச் சிக்கலான இடம் ஒன்று உண்டு. ரயில்வே மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. ஏரி, வாய்க்கால், வடிகால் எல்லாம் மாநிலப் பட்டியலில். மேலே ஒரு ஏரி உடைந்தால் கீழே ரயில் பாதை அரிக்கப்படும். அதனால்தான் பாதையைப் பாதிக்கக்கூடிய ஏரி, கரை, மதகு ஆகியவற்றுக்கு ஒரு பட்டியல் வைத்து, ரயில்வே பொறியாளர்களும் மாநில அதிகாரிகளும் ஆண்டுதோறும் சேர்ந்து பார்வையிட வேண்டும் என்று விதி இருக்கிறது. பாலத் தூண்களில் வெள்ள அபாய மட்டம் குறிக்கப்பட்டிருக்கும். மழைக்காலத்தில் ஊழியர்கள் இரவு முழுக்கப் பாதையில் ரோந்து நடப்பார்கள். உதாரணமாக, பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் உள்ள லப்பைக்குடிக்காட்டுக்காரர் ரயில் ஏற வேண்டுமானால் பெண்ணாடத்துக்கோ அரியலூருக்கோ போக வேண்டும். பெரம்பலூர் நகரத்துக்கே ரயில் கிடையாது. அவர் நம்பி ஏறும் பாதையின் பாதுகாப்பு இரண்டு அரசுகளின் கையில் இருக்கிறது. ஒன்றையொன்று கைகாட்டித் தப்பித்துக்கொள்ள இரண்டுக்கும் வழி இருக்கிறது. அந்தக் கூட்டு ஆய்வில் என்ன கண்டார்கள், எதைச் சரிசெய்தார்கள் என்பதை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் மக்கள் பார்க்கும்படி வெளியிட்டால் அந்த வழி அடைபடும்.

ஒவ்வொரு விபத்துக்கும் அமைச்சர் போனால் ஆட்சியே நடக்காது என்பது கடைசி மறுப்பு. ஒவ்வொரு விபத்துக்கும் போக வேண்டியதில்லை. ஒரே காரணம் திரும்பத் திரும்ப உயிர் குடித்தால், எச்சரிக்கை கிடைத்தும் பணமோ ஆளோ தரப்படவில்லை என்று தெரிந்தால், அப்போது போக வேண்டும். அதைக் கண்டறிய நம்மிடம் ஓர் ஏற்பாடும் இருக்கிறது: பெரிய விபத்துகளை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர், ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். அவருடைய அறிக்கை முழுமையாக நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு விவாதிக்கப்பட வேண்டும். 1924 முதல் தனியாக இருந்த ரயில்வே பட்ஜெட் 2017இல் பொது பட்ஜெட்டோடு சேர்க்கப்பட்ட பிறகு, ரயில்வேயைத் தனியாக எடுத்துக் கேள்வி கேட்கும் ஒரு பெரிய வாய்ப்பும் குறைந்துவிட்டது. அதனால் இந்த விவாதம் முன்னைவிட அவசியமாகிறது. சாஸ்திரிக்குச் செய்யும் மரியாதை, அவரைப் போல இன்னொருவர் வருவாரா என்று ஏங்குவதில் இல்லை. யார் அமைச்சராக வந்தாலும் பதில் சொல்லாமல் இருக்க முடியாத நிலையை நாடாளுமன்றமும் சட்டமன்றமும் வாக்காளர்களும் சேர்ந்து உண்டாக்குவதில் இருக்கிறது.