சமையலறை அலமாரி: முழுவதும் மாற்றுவதா, முகப்பை மட்டும் புதுப்பிப்பதா?

வீட்டைப் புதுப்பிக்கக் கடன் கோரும் வாடிக்கையாளர்கள் எங்களிடம் அளிக்கும் மதிப்பீட்டுத் தாள்களில் சமையலறைச் செலவு பெரும் பங்கு வகிப்பதைக் காண்கிறோம். அத்தகைய தாளைக் கையில் எடுத்ததும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி வட்டியைப் பற்றியதன்று. கெட்டிருப்பது கதவா, பெட்டியா என்பதே அக்கேள்வி. விடையைப் பொறுத்துச் செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறையவும் கூடும்.

சமையலறை அலமாரிக்கு இரு பகுதிகள் உண்டு. பாத்திரங்களைத் தாங்கி நிற்கும் பெட்டி ஒன்று. நம் கண்ணுக்குத் தெரியும் கதவும் இழுப்பறை முகப்பும் மற்றொன்று. நிறம் மங்குவதும், லேமினேட் உரிவதும், ஓரங்கள் பிளவுபடுவதும், கீல்கள் தளர்வதும் பெரும்பாலும் முகப்பில்தான். பெட்டி உறுதியாக இருக்கையில் கதவுகளையும் கீல்களையும் மட்டும் மாற்றி, வெளித்தெரியும் பக்கவாட்டுப் பலகைகளுக்குப் புதிய லேமினேட் ஒட்டுவதையே முகப்புப் புதுப்பித்தல் என்கிறோம்.

நம் நாட்டு வீடுகள் பலவற்றில் இம்முறைக்கு இன்னொரு வசதியும் உண்டு. மேடையின் கீழுள்ள தடுப்புகள் கடப்பாக் கல்லாலோ செங்கல்லாலோ அமைந்திருந்தால், அவை நீரில் மக்குவதில்லை, கரையான் அரிப்பதுமில்லை. அங்கே சட்டத்தையும் கதவையும் மாற்றினாலே போதும். பலகைப் பெட்டிகளை முழுவதும் அகற்ற நேர்ந்தாலோ, மேலிருக்கும் கிரானைட் பலகையைத் தூக்க வேண்டியிருக்கலாம். தூக்கும்போது அது விரிசல் கண்டால் புதுப் பலகை; அதையொட்டிச் சுவர் ஓடுகள், தொட்டி, குழாய் இணைப்பு என்று செலவு தொடரும். முதல் மதிப்பீட்டில் இவை இடம்பெறாமல் போவதுண்டு.

பெட்டியைச் சோதிக்கும் முறை

ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இச்சோதனையை நாமே செய்துவிடலாம். முதலில் பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ்ப் பகுதியைக் காலி செய்து பார்க்க வேண்டும். ஈரம் முதலில் தாக்கும் இடம் அதுவே. திருப்புளியின் முனையால் அடிப்பலகையை அழுத்தும்போது அது உள்ளே இறங்கினால் பலகை மக்கிவிட்டது என்று பொருள். துகள் பலகை எனப்படும் பார்ட்டிகிள் போர்டு நீரில் ஊறி உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. அதன்மேல் புதுக் கதவு பொருத்துவது வீண். பலகையின் பின்புறத்திலும் சுவரோரத்திலும் மண் தடம் தெரிந்தால் கரையான் இருக்கிறது. அதை ஒழிக்காமல் எந்த வேலையையும் தொடங்கலாகாது. இறுதியாக, கீல் திருகுகள் பிடிப்புடன் இருக்கின்றனவா என்று இறுக்கிப் பார்க்கவும்.

தொட்டியின் கீழுள்ள ஒரு பெட்டி மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொண்டு, மற்றவற்றின் முகப்பைப் புதுப்பிக்கலாம். பல பெட்டிகள் கெட்டிருந்தாலோ, அடுப்பும் தொட்டியும் இருக்கும் இடமே வசதிக்குறைவாக இருந்தாலோ, முழு மாற்றமே பொருத்தம். முகப்புப் புதுப்பித்தல் அமைப்பை மாற்றித் தராது.

பொருள் தேர்வும் அளவும்

புதுக் கதவுகளுக்கு 18 மி.மீ. பிளைவுட் வழக்கமாகப் பயன்படுகிறது. நீர் படும் இடங்களுக்கு ஐ.எஸ். 710 தரமுள்ள மரைன் பிளைவுட் ஏற்றது. அந்த எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பலகையிலேயே அச்சிடப்பட்டிருப்பதை, லேமினேட் ஒட்டும் முன்னரே நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டிய பின் உள்ளே இருப்பது எது என்று யாராலும் சொல்ல இயலாது. கதவின் ஒரு புறம் மட்டும் லேமினேட் ஒட்டினால் நாளடைவில் கதவு வளையும். ஆகவே உட்புறமும் ஒட்டப்பட வேண்டும். அடுப்பருகே பி.வி.சி. படலம் ஒட்டிய கதவுகள் வெப்பத்தால் உரியக்கூடும்.

எரிவாயு உருளை வைக்கும் பகுதிக்குத் தனிக் கவனம் தேவை. சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது; கசிந்தால் தரையோரம் தேங்கும். எனவே அக்கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் இருத்தல் வேண்டும். பழைய கதவில் இருந்த துளையைப் புதுக் கதவில் விட்டுவிடலாகாது.

விலை சதுர அடிக் கணக்கில் சொல்லப்படுகிறது. எந்தச் சதுர அடி என்பதை எழுத்தில் பெறுவது நன்று. 10 அடி நீளமும் இரண்டரை அடி உயரமும் உள்ள கீழ் வரிசையின் முகப்பு 25 சதுர அடி. அதே நீளத்தில் 2 அடி உயரமுள்ள மேல் வரிசை 20 சதுர அடி. ஆக 45. ஒருவர் முகப்பை மட்டும் அளக்க, மற்றொருவர் கதவின் இருபுறத்தையும் சேர்த்து 90 என்று அளந்தால், குறைந்த விலை சொன்னவரே அதிகம் வாங்கிவிடுவார். கீல், கைப்பிடி, பழைய கதவுகளை அகற்றும் கூலி ஆகியவை அவ்விலையில் அடங்குமா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

கடனும் காலமும்

ஒரு கணக்கைப் பார்ப்போம். முழு மாற்றத்திற்கு 3,00,000 ரூபாயும் முகப்புப் புதுப்பித்தலுக்கு 1,00,000 ரூபாயும் ஆகும் என்று கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். முதல் தொகையை 60 மாதங்களில் செலுத்தினால் மாதத் தவணை ஏறத்தாழ 6,673 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1,00,400 ரூபாய். இரண்டாவது தொகையை 24 மாதங்களில் செலுத்தினால் தவணை 4,707 ரூபாய். வட்டி சுமார் 13,000 ரூபாய். கடன் முடிந்தபின் எஞ்சிய 36 மாதங்களுக்கு மாதம் 5,000 ரூபாயைத் தொடர் வைப்பில் இட்டால் அசல் மட்டுமே 1,80,000 ரூபாய் சேரும். பிள்ளைகளின் கல்விக்கோ, எதிர்பாராத மருத்துவச் செலவுக்கோ, பின்னாளில் முழு மாற்றத்திற்கேயோ அது உதவும்.

வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. அதே 1,00,000 ரூபாயை, வீட்டுக் கடனுடன் சேர்த்து 9 சதவீத வட்டியில் 15 ஆண்டுகளுக்கு நீட்டினால் தவணை 1,014 ரூபாய்தான். ஆனால் மொத்த வட்டி சுமார் 82,600 ரூபாய். வட்டி விகிதம் குறைவு. செலுத்தும் வட்டியோ ஆறு மடங்குக்கும் மேல். அலமாரிக் கதவு உழைக்கும் காலத்தை விடக் கடனின் காலம் நீளலாகாது என்பதே நாங்கள் கூறும் விதி. கூடுதல் வீட்டுக் கடனே வசதி எனில், கேட்கும்போதே குறுகிய காலத்தைக் கேளுங்கள்.

2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்றை வழங்குமாறு ரிசர்வ் வங்கி பணித்துள்ளது. கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு வீதம் அதில் இருக்கும். கையொப்பமிடும் முன் அந்த ஒரு வரியையாவது படித்துவிடுங்கள்.

தச்சருக்கோ ஒப்பந்தக்காரருக்கோ முழுத் தொகையையும் முன்பணமாகத் தர வேண்டியதில்லை. பலகை வந்து இறங்கியதும் ஒரு பகுதி, கதவுகள் பொருத்தப்பட்டதும் ஒரு பகுதி, எல்லாக் கதவுகளும் உராயாமல் திறந்து மூடுவதைச் சரிபார்த்தபின் மீதி என்று வங்கிக் கணக்கின் வழியே செலுத்தி, ஒவ்வொன்றுக்கும் ரசீது பெறுங்கள். கடன் விண்ணப்பத்துடன் கிளைக்கு வரும்போது இரு மதிப்பீடுகளைக் கொண்டு வாருங்கள்: முழு மாற்றத்திற்கு ஒன்று, முகப்புப் புதுப்பித்தலுக்கு ஒன்று. இரண்டையும் அருகருகே வைத்து, உங்கள் வருவாய்க்கு எது தகும் என்று கணக்கிட்டுச் சொல்ல எங்கள் அலுவலர்கள் காத்திருக்கிறார்கள்.