கம்ப்ரசர் சூடாகிறதா? சுவரைப் பாருங்கள்

திருப்பனந்தாள், ஆடுதுறை, கும்பகோணம் என்று டெல்டாவில் எந்தப் பக்கம் போனாலும் நவீன அரிசி ஆலைகளில் கலர் சார்ட்டரின் பேச்சுதான். கொட்டும் அரிசியில் ஒரு கறுப்பு மணியை கேமரா கண்டதும், அதை மட்டும் ஊதித் தள்ளுவது அழுத்தக் காற்று. அந்தக் காற்றைத் தரும் கம்ப்ரசரையோ ஆலையின் மூலையில் மிஞ்சிய இருட்டறையில், தகரக் கூரைக்குக் கீழே நிறுத்திவிடுகிறோம். கத்திரி வெயிலில் அது டிரிப் ஆகி நிற்கிறது. மெக்கானிக் வந்து ஆயிலை மாற்றுகிறார், ஃபில்டரை மாற்றுகிறார். சில நாளில் மறுபடியும் நிற்கிறது.

கோளாறு பெரும்பாலும் அறையில்தான். கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளியேறுகிறது. 30 எச்.பி. கம்ப்ரசர் ஓடுவது, ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் இருபதுக்கு மேல் அடைத்த அறையில் ஓயாமல் எரிவதற்குச் சமம். அது அழுத்துவதற்காக எடுக்கும் காற்று நொடிக்குச் சுமார் 60 லிட்டர். ஆனால் அறைச் சூடு வெளிவெயிலைவிட 10 டிகிரிக்கு மேல் கூடாமல் காக்க நொடிக்கு ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்று வந்து போக வேண்டும். ஒற்றை ஜன்னலுக்கு இது ஆகிற காரியமல்ல.

வெளியே 38 டிகிரி அடிக்கும்போது அறை 50-ஐத் தொட்டால், ஸ்க்ரூ கம்ப்ரசரின் ஆயில் எளிதாக 100 டிகிரியைத் தாண்டும். 110-ஐ நெருங்கினால் இயந்திரம் தானாக அணைந்துகொள்ளும். அணையாமல் ஓடினாலும் நஷ்டம்தான். உள்ளிழுக்கும் காற்று 4 டிகிரி சூடானால் மின்செலவு ஒரு சதவீதம் கூடும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பி.இ.இ. சூடு 10 டிகிரி ஏற ஏற ஆயிலின் ஆயுளும் பாதி பாதியாகக் குறையும். அழுத்தக் காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையர் சூட்டில் திணறி, ஈரக்காற்று சார்ட்டருக்குப் போனால், வால்வில் தவிட்டுத்தூள் பசைபோல ஒட்டிக்கொண்டு நல்ல அரிசியும் கழிவோடு விழும். ஆலைக்காரருக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

சரி, என்ன செய்யலாம்? சூடான காற்று மேலே ஏறும். ஆகவே குளிர்ந்த காற்று நுழையும் வழியைச் சுவரின் கீழ்ப்பக்கத்திலும், வெளியேறும் வழியை எதிர்ப்பக்கம் உயரத்திலும் வைக்க வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் மாட்டிவிட்டு, காற்று உள்ளே வர இடம் விடாமல் போவதைப் பல இடங்களில் பார்க்கலாம். 30 எச்.பி.க்கு உள்வழி மட்டுமே சுமார் 11 சதுர அடி வேண்டும். வலையும் சாய்பலகையும் அடைத்துக்கொள்ளும் இடத்தைச் சேர்த்தால் 20 சதுர அடிக்கு மேல்.

இன்னும் நல்ல வழி, கம்ப்ரசரின் சுடுகாற்று வாய்க்கு மேல் தகர டக்ட் வைத்து வெப்பத்தை நேராக வெளியே அனுப்புவது. அப்போது அறையில் தங்கும் சூடு பத்தில் ஒரு பங்குகூட இராது. டக்ட் நீளமாகவோ வளைந்தோ போனால் அதற்கென்று தனி ஃபேன் அவசியம்; கம்ப்ரசரின் சொந்த ஃபேன் அவ்வளவு தூரம் தள்ளாது. சர்வீஸுக்குக் கழற்றும்படியும் இருக்கட்டும்.

அரிசி ஆலைக்கே உரிய சிக்கல் தூசு. கம்ப்ரசரின் ரேடியேட்டர் இடுக்கில் விரலால் தடவினால், ஆயில் பிசுக்கும் தவிடும் குழைந்த பழுப்புக் களிம்பு ஒட்டும். பாய்லரில் எரிந்த உமியின் சாம்பலோ பெரும்பகுதி சிலிக்கா. உள்ளே போனால் உலோகத்தைத் தேய்க்கும். எனவே உள்வழி உமிக் குவியலுக்கும் பாய்லருக்கும் எட்டாத, நிழல் விழும் பக்கமாக இருக்க வேண்டும்.

நம்மூர்க் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசும். ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். மேற்கு, வடக்கு, கிழக்குச் சுவர்களில் எதில் வெளிவழி வைத்தாலும் ஒரு பருவத்தில் காற்று எதிர்த்துத் தள்ளும். டக்டைக் கூரைக்கு மேலே ஏற்றி மழைத்தொப்பி போடுவது இரண்டுக்கும் தாங்கும். டக்டில் ஒரு கதவும் வைத்துக்கொண்டால், ஐப்பசி ஈரத்தில் அந்தச் சுடுகாற்றைச் சாக்கு அடுக்கிய அறைக்குத் திருப்பிவிடலாம்.