மத்தாப்புக் கம்பியும் கறுப்புத் தண்ணீரும்

சிவகாசிக் கம்பி மத்தாப்பைக் கொளுத்தினால் பொன்னிறப் பொறிகள் பூப்பூவாகச் சிதறுமே, அவை என்ன தெரியுமா? எரியும் இரும்பு! மத்தாப்பு மருந்தில் அலுமினியப் பொடியோடு இரும்புத் தூளும் கலந்திருக்கிறது. ஓர் ஆணியை அடுப்பில் காட்டினால் சிவக்கும், எரியாது. அதே இரும்பு தூளாக இருந்தால் ஒவ்வொரு துகளையும் காற்றிலுள்ள ஆக்சிஜன் சூழ்ந்துகொள்ளும். சூடு பட்ட நொடியில் எரிந்துவிடும்.

இரும்பும் ஆக்சிஜனும் கண் இமைக்கும் நேரத்தில் சேர்ந்தால் மத்தாப்புப் பொறி. தண்ணீரின் துணையோடு மாதக்கணக்கில் மெல்லச் சேர்ந்தால், துரு.

இப்போது லண்டனில் ஒரு வீட்டுக்குள் போவோம். விருதுநகர் வெயிலில் ஓடியாடும் உங்களுக்கு, வீட்டையே சூடாக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்பது வியப்பாக இருக்கும். அங்கே குளிர்காலத்தில் அது இல்லாமல் முடியாது. பாய்லர் தண்ணீரைச் சூடாக்குகிறது. பம்பு அதைக் குழாய் வழியே அறை அறையாக அனுப்புகிறது. சுவரோரம் நிற்கும் தட்டையான எஃகு ரேடியேட்டருக்குள் புகுந்து, அறைக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, ஆறிய தண்ணீர் பாய்லருக்கே திரும்புகிறது. அதே தண்ணீர்தான் வருடக்கணக்காகச் சுற்றுகிறது.

அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டால் சில வீடுகளில் மை போலக் கறுப்பாக வரும். உள்ளே ஆக்சிஜன் குறைவு. அதனால் நாம் பார்க்கும் செந்துருவுக்குப் பதிலாக மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடு உண்டாகிறது. காந்தத்தைக் காட்டினால் ஓடிவந்து ஒட்டும். மத்தாப்புப் பொறி அணைந்து விழும் கறுப்புத் துகளிலும் இது உண்டு! இந்தச் சேறு அடியில் படிந்தால் ரேடியேட்டரின் மேல்பக்கம் சுடும், கீழ்ப்பக்கம் சில்லென்று இருக்கும். பழுது பார்ப்பவர் புதுத் தண்ணீரை வேகமாகச் செலுத்திச் சேற்றை வெளியேற்றுவார். மிச்சத்தைப் பிடிக்கக் குழாயில் ஒரு காந்த வடிகட்டி மாட்டுவார். துருவைத் தடுக்கும் மருந்தையும் தண்ணீரில் கலந்துவிடுவார்.

காற்றைத் தடுத்தாலே துரு தயங்கும். நீங்களே பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குப்பியில் ஆணியும் குழாய்த் தண்ணீரும் போடுங்கள். இன்னொன்றில், அம்மாவோ அப்பாவோ கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை ஊற்றி, ஆணியைப் போட்டு, மேலே எண்ணெய் மிதக்க விடுங்கள். கொதிக்கும்போது கரைந்திருந்த காற்று போய்விட்டது. எண்ணெய் புதுக் காற்றை விடாது. ஒரு வாரம் கழித்து எந்த ஆணி சிவந்திருக்கிறது?

ஆனால் நம் ஊர்க் குளியலறை ஹீட்டருக்கு இந்த வழி உதவாது. தினமும் புதுத் தண்ணீர் வரும், ஆக்சிஜனையும் கூட்டிவரும். குளிக்கிற தண்ணீரில் மருந்தும் கலக்க முடியாது. அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இருக்கிறது. பல ஹீட்டர்களின் எஃகுத் தொட்டிக்குள் ஒரு மக்னீசியத் தண்டு தொங்குகிறது. மெக்கானிக் அண்ணன்மார் அதை ‘ஆனோடு ராடு’ என்பார்கள்.

பள்ளியில் மக்னீசிய நாடாவை எரித்துக் காட்டும்போது கண் கூசியதல்லவா? எலக்ட்ரான்களை விட்டுக்கொடுப்பதில் இரும்பைவிட மக்னீசியத்துக்கு அவசரம் அதிகம். தொட்டியிலும் அதே குணம்தான். இரும்பு அரிக்கப்படுமுன் தண்டு முந்திக்கொண்டு தான் கரைகிறது, எஃகு பிழைக்கிறது. 1824-இல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி, கப்பலடியில் பதித்த செப்புத் தகட்டைக் கடல்நீர் அரிக்காமல் காக்க, துத்தநாகத்தையும் இரும்பையும் இப்படித்தான் பயன்படுத்திப் பார்த்தார்.

உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரில் தண்டு சீக்கிரமே கரையும். ஆகவே அவ்வப்போது கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மெக்கானிக் செய்யும் வேலை அது. நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். விரல் பருமன் தண்டு போய், நடுவிலிருந்த எஃகுக் கம்பி மட்டும் வெளியே வரும், எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பைப் போல.