மாரடைப்பின் பின்: உறவும் விசாவும்

1984 ஏப்ரலில் சிட்னி சென்ற் வின்சன்ற் வைத்தியசாலையில், பியோனா கூற் என்ற 14 வயதுச் சிறுமிக்கு விக்ரர் சாங் தலைமையிலான குழு மாற்று இருதயம் பொருத்தியது. அவுஸ்திரேலியா முழுவதும் அச்சிறுமியின் செய்திக்காகக் காத்திருந்தது. அதே ஆண்டு ஓகஸ்ற்றில், அமெரிக்காவில் வெளிவரும் நியூ இங்கிலாந்து மருத்துவ ஏட்டில், மாரடைப்பிலிருந்து தப்பிய 2,320 ஆண்களைப் பற்றிய ஆய்வொன்று வெளியானது. சமூகத் தனிமையும் வாழ்க்கை நெருக்கடியும் ஒருங்கே மிகுந்தோர் இறந்துபோகும் அபாயம், இவ்விரண்டும் குறைந்தோரைவிட நான்கு மடங்கிற்கும் அதிகம் என்பது அதன் முடிவு. சத்திரசிகிச்சை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை முதலாவது செய்தி காட்டியது. சத்திரசிகிச்சை எட்டாத இடம் எது என்பதை இரண்டாவது காட்டியது.

1983 யூலைக்குப் பின் எம்மவர் சிட்னிக்கும் மெல்பேர்ணுக்கும் கூடுதலாக வரத் தொடங்கிய காலமும் அதுவே. தனிமை, நெருக்கடி என்ற அந்த இரண்டு சொற்களையும் அடுத்தடுத்து எழுதினால் அகதி வாழ்வின் வரைவிலக்கணம் கிடைத்துவிடுகிறது.

இது முதியவர்களின் பிரச்சினை மட்டுமல்ல. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வு, புகைத்தல், நீரிழிவு, உயர் குருதியமுக்கம் ஆகியவற்றுடன் மன நெருக்கடியையும் மாரடைப்பின் பிரதான காரணிகளுள் சேர்த்தது. அதன் தொடர்ச்சியாக 2007இல் வெளியான கட்டுரை, தென்னாசியர் தம் முதல் மாரடைப்பைச் சராசரியாக 53 வயதில் காண்கிறார்கள் என்றது. ஏனைய நாட்டவருக்கு அது 59. வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு, ஊரிலுள்ளோருக்கு அனுப்பும் பணம் எல்லாம் தோளில் இருக்கும் வயது இது.

வைத்தியசாலையிலிருந்து வந்தவரை எமது வீடுகள் எப்படி எதிர்கொள்கின்றன? "நீங்கள் பேசாமல் படுங்கோ, நாங்கள் பாக்கிறம்" என்பதே பொதுவான பதில். அன்பில் குறையில்லை. ஆனால் இந்த அன்பு பழைய மருத்துவத்தைப் பின்பற்றுகிறது. வாரக்கணக்கில் கட்டிலில் கிடத்துவதே ஒருகாலத்தில் சிகிச்சையாக இருந்தது. 1952இல் பொஸ்ரன் நகரில் லெவினும் லவுனும் நோயாளரைக் கட்டிலிலிருந்து எழுப்பிக் கதிரையில் இருத்தினார்கள். அது ஆபத்தல்ல, நன்மை என்று காட்டினார்கள். இன்று, உடற்பயிற்சியை அடிப்படையாகக் கொண்ட இருதய மறுவாழ்வுப் பயிற்சி, இருதயநோயால் வரும் மரணத்தையும் மீண்டும் வைத்தியசாலைக்குச் செல்லும் தேவையையும் குறைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அவுஸ்திரேலிய வைத்தியசாலைகள் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்கள் இதை நடத்துகின்றன. தகுதியுடையோரில் பெரும்பாலானோர் போவதில்லை என்பதுதான் துயரம்.

ஆகவே ஆதரவு என்பதன் பொருளை நாம் மாற்றியாக வேண்டும். நோயாளியைப் படுக்கவைப்பதைவிட அவருடன் சேர்ந்து நடப்பது ஆதரவு. அவருக்கு மட்டும் தனிக்கறி வைப்பதைவிட வீடு முழுவதும் உப்பையும் எண்ணெயையும் குறைப்பது ஆதரவு. டொக்டர் சொல்வதைப் பன்னிரண்டு வயது மகளைக் கொண்டு மொழிபெயர்ப்பிப்பது ஆதரவாகாது. தகப்பனின் மரண பயத்தைப் பிள்ளையின் வாயில் வைக்கும் கொடுமை அது. 1973இல் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் தொடங்கிய தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை இன்று 131450 என்ற இலக்கத்தில் தமிழிலும் கிடைக்கிறது.

அடுத்தது, பேசுதல். மாரடைப்பின் பின் காரணமின்றி அழுகை, எரிச்சல், தூக்கமின்மை, தனியே இருக்கப் பயம் ஆகியவை வருவது வழமை. பலருக்குச் சில வாரங்களில் தணியும். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது கடும் மனச்சோர்வாகிறது. அதற்கும் சிகிச்சை உண்டு. "யோசியாதேங்கோ" என்ற எமது ஆறுதல் இங்கு வாயடைப்பாகிவிடுகிறது. போரையும் கடலையும் தாண்டி வந்தவருக்கு நெஞ்சுவலி பழைய வலிகளையும் கிளறக்கூடும் என்பதை வீட்டார் உணரவேண்டும்.

இதுவரை சொன்னது வீடுள்ளவர்களுக்கு. வீடே இல்லாதவர்? படகில் வந்து தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்தோருக்கு மனைவியையோ பிள்ளைகளையோ அழைக்கும் உரிமை இருக்கவில்லை. 2023 பெப்ரவரியில் ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கான வழி திறக்கப்பட்டது. விரைவுப் பரிசீலனையில் மறுக்கப்பட்டோர் அதற்கு வெளியே விடப்பட்டனர். வாடகை அறையில் தனித்திருக்கும் ஒருவர் ரக்சி ஓட்டுபவரென்றால், மாரடைப்பின் பின் குறைந்தது 4 வாரங்களுக்கு அதை ஓட்டக்கூடாது. பைபாஸ் சத்திரசிகிச்சை என்றால் 3 மாதங்கள். வருமானம் நிற்கிறது. ஊருக்குத் தொலைபேசி எடுத்தால் "நான் சுகம்" என்று சொல்கிறார். 1984இன் ஆய்வு சொன்ன தனிமையும் நெருக்கடியும் இவருக்கு ஒருங்கே வாய்த்துவிடுகின்றன. இத்தனிமையைச் சட்டமும் சேர்ந்தே உண்டாக்கியது.

அவருக்கு ஆதரவை வெளியிலிருந்து வழங்கிவிட முடியுமா? 2003இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. மாரடைப்பின் பின் மனச்சோர்வுற்ற அல்லது ஆதரவற்ற 2,481 பேரிடையே, உளவளச் சிகிச்சை பெற்றோருக்கு மனச்சோர்வும் தனிமையும் ஓரளவு குறைந்தன. மரணமும் மறுமாரடைப்பும் குறையவில்லை. உறவுக்கு மாற்றாக எதையும் எளிதில் வைத்துவிட முடியாது என்று நான் இதை வாசிக்கிறேன். எதுவும் செய்யத் தேவையில்லை என்று வேறு யாரும் வாசித்தால் மறுப்பேன். மனச்சோர்வு குறைவதே பெரிய காரியம்.

எமது சங்கங்கள் மரணச் செலவுக்குப் பணம் சேர்ப்பதில் தேர்ந்தவை. மண்டபமும் நிறையும். அதே ஆட்கள், அதே வாகனங்கள், ஒருவர் உயிரோடிருக்கும்போது அவரை மறுவாழ்வுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை ஏற்றிச் செல்லலாம். மாலையில் ஒருவர் சென்று அவருடன் அரைமணி நேரம் நடக்கலாம். அத்துடன் குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் விசாவுக்காகக் குரல்கொடுப்பதையும் இருதய சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நாம் கொள்ளவேண்டும். அரசியல் வேறு, சுகாதாரம் வேறு என்று பிரித்துப் பேசுவோர், அந்த வாடகை அறைக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.