கிணற்றடியில் ஒரு கணக்கு

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் இருப்புப் பாதையில் உள்ளது எரியோடு. அதுவே என் ஊர். வானம் பார்த்த பூமி. என் சிறு பிராயத்தில் எங்கள் தோட்டத்தில் மாடுகள் கமலை இறைத்தன. பின்னர் மின்சார மோட்டார் வந்தது. மாடுகள் ஓய்வு பெற்றன. நீர்மட்டமோ ஆண்டுதோறும் கீழே சென்றது. முடிவில் ஆழ்துளைக் கிணறு போட நேர்ந்தது.

மாணவ நண்பர்களே, ஒரு சிறு கணக்குப் போடுவோம். 300 அடி, அதாவது ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்திலிருந்து 1,000 லிட்டர் நீரை மேலே கொணர, பௌதிக விதிப்படி சுமார் கால் யூனிட் மின்சாரம் போதும். ஆனால், மோட்டாரும் பம்பும் தாம் பெறும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையே நீரை உயர்த்தப் பயன்படுத்துமாயின், ஒரு யூனிட் செலவாகும். எஞ்சிய முக்கால் யூனிட் பெரும்பாலும் வெப்பமாக வீணாகிறது. அந்தப் பங்கு பாதியாக உயர்ந்தால் அரை யூனிட்டிலேயே வேலை முடியும். இந்த அளவையே பயனுறு திறன் என்கிறோம்.

இத்திறனை வளர்க்கவே 2001-ஆம் ஆண்டு ஆற்றல் சேமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் அப்பணியை மின் ஆய்வுத் துறை ஏற்றது. 2006-இல் மின் சாதனங்களுக்கு நட்சத்திரக் குறியீடு வந்தது. 2023 முதல் மின்விசிறிகளுக்கும் அது கட்டாயமாயிற்று. 60 வாட் குண்டு பல்பு தந்த ஒளியை இன்று 9 வாட் எல்.இ.டி. விளக்குத் தருகிறது. பெரிய ஆலைகளுக்கு 2012 முதல் சேமிப்பு இலக்குகள் விதிக்கப்பட்டன. வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் பல உண்டு. ஆனால் சிறிய ஆலைகள் அவ்விலக்கின் வரம்புக்குள் வருவதில்லை.

வீட்டில் பெற்ற வெற்றி தோட்டத்தில் எளிதாகக் கிட்டவில்லை. மாநிலத்தில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகள் உள்ளன. 1970-களில் மின் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் போராடினர், உயிர்களும் பலியாயின. 1990-இல் உழவர் அனைவருக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. மழை பொய்க்கும் நிலத்தில் அது பேருதவி. ஆயினும், பல இணைப்புகளில் மீட்டர் இல்லை. மிச்சப்படுத்துவோர்க்குக் கைமேல் பலனும் இல்லை.

என் தந்தையார் எரிந்துபோன மோட்டாருக்கு மூன்று முறை காயில் கட்டினார். சரியாகக் கட்டாத மோட்டாரின் திறன் குறையும் என்பதை அவர் அறிவார். ஆனால் புதிய மோட்டாருக்குப் பணம் வேண்டுமே! மோட்டார் மாற்ற அரசு மானியம் அளிப்பது இக்காரணம் பற்றியே.

இங்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. நல்ல மோட்டார் அதே நேரத்தில் மிகுதியான நீரை இறைக்கும். சொட்டு நீர்ப் பாசனமும் அளவறிந்து இறைக்கும் வழக்கமும் உடன் வராவிடில், மின்சாரத்தைச் சேமித்து நிலத்தடி நீரை இழப்போம். நீர்மட்டம் இன்னும் 300 அடி இறங்கினால், நாம் போட்ட கணக்கில் மின்சார யூனிட் அளவு ஒவ்வொன்றும் இரட்டிப்பாகும். மின்சாரம் இலவசமாக இருக்கலாம். கிணற்று நீரை எவரும் இலவசமாக ஊற்றித் தர இயலாது.